மலைமேல் தீபம், கீழே குழந்தை எங்கே?

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணி. திருவண்ணாமலைக் கோயிலில் அர்த்தநாரீசுவரர் வெளியே எழுந்தருளிக் காட்சி தருகிறார். 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்கிறது. ஊரெங்கும் "அரோகரா!" முழக்கம். ஒரு மொட்டை மாடி பாக்கியில்லை. தாத்தா, பாட்டி, அத்தை, வெளியூரிலிருந்து வந்த மாமா, எல்லோரும் மலையை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார்கள்.

அம்மா, அந்த நேரத்தில் உங்கள் இரண்டு வயதுக் குழந்தை எங்கே இருக்கிறது?

விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் இந்த ஊர் வீடுகளில் அகல் ஏற்றுவது வழக்கம். ஆகவே, எல்லோரும் மேலே பார்த்துப் பரவசப்படும் அதே சமயத்தில்தான் கீழே வாசலெல்லாம் நெருப்பு வரிசை கட்டுகிறது.

முதல் நாளே ஒரு காரியம் செய்யுங்கள். வாசலிலிருந்து கூடம் வரை குழந்தையைப் போல் தவழ்ந்து பாருங்கள். மாமியார் சிரித்தால் சிரிக்கட்டும். வாசற்படி அகல் சரியாகப் பாவாடை ஓரத்தின் உயரத்தில் இருப்பது அப்போதுதான் தெரியும். அன்று நைலான் உடுப்பு வேண்டாம். பருத்திச் சட்டை போதும். அகல்களைத் திண்ணையிலும் மாடத்திலும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கோலத்தின் நடுவே வைத்தே தீரவேண்டுமென்றால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும்.

நெருப்புக்காவது எல்லோரும் பயப்படுகிறோம். ஏற்றாத கர்ப்பூரத்தைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? கோயில் ஊரில் கர்ப்பூரம் இல்லாத வீடு ஏது! வெள்ளை வில்லை, பார்ப்பதற்குக் கல்கண்டு மாதிரி. சிறு குழந்தை கொஞ்சம் விழுங்கினாலும் சில நிமிஷங்களிலேயே வலிப்பு வந்துவிடலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வண்டி இல்லையென்றால் 108. சளிக்கென்று கைக்குழந்தையின் மார்பில் கர்ப்பூரம் தேய்ப்பதும் ஆகாது. பூஜை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து டப்பாவை மேல்தட்டுக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

அடுத்தது, விருந்தாளிகளின் பை! தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் உறவினர் வராத வீடு இங்கே குறைவு. தாத்தாவின் பையில் ரத்த அழுத்த மாத்திரை, பாட்டியின் பையில் சர்க்கரை மாத்திரை. சில சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றே ஒன்று குழந்தையின் உயிருக்கு உலை வைத்துவிடும். வந்தவர்களிடம் காப்பியை நீட்டும்போதே பையை வாங்கிப் பரணில் வையுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அத்தனை பேர் குளிக்க அண்டா, வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்புவீர்கள். இரண்டு மூன்று அங்குலத் தண்ணீரிலேயே குழந்தை மூழ்கிவிடும். குளிப்பறைக்கு வெளியே தாழ்ப்பாள் அவசியம். பொரி உருண்டையிலுள்ள தேங்காய்ப் பல்லும் முழு வேர்க்கடலையும் ஐந்து வயதுக்குள் வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். குழந்தைக்கு நெல் பொரியைப் பாலில் ஊறவைத்துக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் மீறிச் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். மையும் மாவும் பற்பசையும் பூச வேண்டாம். பிறகு வைத்தியரிடம் போங்கள்.

மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் குழந்தையை உட்கார வைத்து ஜோதி காட்டும் அன்பு மாமாக்களுக்கு ஒரு வார்த்தை: இடுப்பில் வைத்துக் காட்டினாலும் மலை தெரியும். வெடிச் சத்தத்துக்கு அழும் குழந்தைக்கு உள்ளறைத் தூளியே சுகம். கூட யாராவது ஒருவர் கீழே இருக்கத்தான் வேண்டும். "எனக்குத் தரிசனம் போய்விடுமே" என்று வருந்த வேண்டாம். மலைத் தீபம் 11 நாள் எரியும். இந்த வருஷம் மாமா கீழே இருக்கட்டும்.