நூலகத்தில் ஒரு "ஜோக்கர்"!

ரம்மி ஆட்டத்தில் ஒரு சீட்டு குறைகிறது. கையில் ஜோக்கர் இருந்தால் கவலை இல்லை. எந்தச் சீட்டின் இடத்திலும் அது போய் உட்கார்ந்து கொள்ளும்.

நூலகக் கம்ப்யூட்டரிலும் ஒரு ஜோக்கர் உண்டு. அதுதான் * என்ற நட்சத்திரக் குறி.

மரம் வளர்ப்பதைப் பற்றிப் புத்தகம் தேடி ஒருவர் நூலகத்துக்கு வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். "மரம்" என்று தட்டுகிறார். "இல்லை" என்கிறது கம்ப்யூட்டர். புத்தகமோ பத்தடி தூரத்தில் அலமாரியில் இருக்கிறது! அதன் தலைப்பில் இருப்பது "மரங்கள்". கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். பாவம், அவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்.

நட்சத்திரத்தின் வேலை

அவர் "மர*" என்று தட்டியிருந்தால், மரம், மரங்கள், மரத்தின் எல்லாம் வந்திருக்கும். கூடவே மரபு, மரகதம், மரணமும் வந்து நிற்கும்! நட்சத்திரத்தைச் சீக்கிரம் வைத்தால் கூட்டம் பெருகிவிடும்.

"ஆறு" இன்னும் வேடிக்கையானது. "ஆறு*" என்று தேடினால் "ஆற்றங்கரை" அகப்படாது. சொல்லின் நடுவே எழுத்து மாறிவிட்டதே! "ஆற்ற*" என்று தனியாகத் தேட வேண்டும். அப்போது அழைக்காமலே "ஆற்றல்" வந்து சேரும்.

இலவசக் "கோஹா"

நியூசிலாந்து நூலகம் ஒன்றுக்காக உருவாகி, 2000-ல் வேலைக்கு வந்தது "கோஹா" என்ற நூலக மென்பொருள். மாவோரி மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பு. பெயருக்கு ஏற்ப அது இலவசம். இந்திய நூலகங்கள் பலவற்றிலும் அது உண்டு. அதில் நட்சத்திரக் குறி செல்லும். "வேர்ல்டுகேட்" என்ற உலகக் கூட்டுப் பட்டியலில் ஒரே ஓர் எழுத்துக்கு மட்டும் பதிலாக நிற்பது # குறி.

டாக்டர்களுக்கும் தேவை

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் "பப்மெட்" பட்டியலில் 3½ கோடிக்கு மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. அங்கே நட்சத்திரத்துக்கு முன் 4 எழுத்தாவது வேண்டும்.

"ஹார்ட் அட்டாக்" என்று ஆங்கிலத்தில் தட்டினால், டாக்டர்கள் எழுதும் "மயோகார்டியல் இன்பார்க்ஷன்" என்ற பெயரையும் பப்மெட் தானாகவே சேர்த்துத் தேடும். கடைசியில் ஒரு நட்சத்திரம் வைத்துவிட்டாலோ, அந்த உதவி நின்று போகும். நோயாளிக்கு வேண்டிய கட்டுரை அந்தப் பெயரில் இருந்தால், டாக்டர் கண்ணில் படாமலே போய்விடும்!