மந்திரம் போன மந்திரவாதி: 'எர்த்ஸீ' நான்காம் பாகத்தைத் திறக்கலாமா?

ஒரு கதைவரிசையின் மூன்று பாகங்களை ஒரே மூச்சில் முடித்தவர்கள்கூட, நான்காவதைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் தயங்குவார்கள். பிடித்த உலகத்தைக் கெடுத்துவிடுமோ என்ற பயம்தான். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ க்வினின் 'எர்த்ஸீ' வரிசையில் அந்தப் பயத்துக்கு நியாயமான காரணமே இருக்கிறது.

முதல் பாகம் 1968-ல் வந்தது. கடலும் தீவுகளுமான ஓர் உலகம். கோன்ட் தீவில் ஆடு மேய்த்த சிறுவன் கெட், ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். (ஹாரி பாட்டர் வருவதற்கு 29 வருடங்களுக்கு முன்பே!) வீம்புக்கு ஒரு மந்திரத்தைச் சொல்லி, தன்னையே துரத்தும் நிழலை அவிழ்த்துவிடுகிறான். 1971-ல் இரண்டாம் பாகம். இருட்டுச் சுரங்கங்களுக்கு நடுவே பூசாரியாக வளர்க்கப்பட்ட டெனார் என்ற பெண்ணின் கதை. 1972-ல் மூன்றாவது. கெட் இறந்தவர்களின் நாட்டுக்கே போய், உலகத்தைக் காப்பாற்றத் தன் சக்தி மொத்தத்தையும் செலவழித்துவிட்டு, டிராகன் முதுகில் ஊர் திரும்புகிறார்.

நிறுத்துவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. லெ க்வினும் அங்கேதான் நிறுத்தினார், 18 வருடங்கள்!

1990-ல் வந்தது 'டெஹானு'. டெனார் இப்போது நடுத்தர வயதுப் பெண். விவசாயி ஒருவரின் விதவை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சொந்தவர்களாலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, நெருப்பில் தள்ளப்பட்டு, முகத்தின் ஒரு பக்கமும் ஒரு கையும் கருகிப்போன சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். அங்கே டிராகன் வந்து கெட்டை இறக்கிவிட்டுப் போகிறது.

சாகசம் தொடங்கும் என்று பார்த்தால், ராஜாவின் ஆட்கள் தேடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் அந்த மகா மந்திரவாதி ஒளிந்துகொள்கிறார். சக்தி போன அவமானம். பதவி போன மறுநாள் வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் மனிதரைப் பார்த்திருப்பீர்களே, அதே நிலைமை. மலைக்குப் போய் மறுபடி ஆடு மேய்க்கிறார். ஆபத்து வீட்டு வாசலுக்கு வரும்போது கையில் எதை எடுக்கிறார் என்பதை இங்கே சொல்ல வேண்டாம்.

புத்தகத்துக்கு நெபுலா விருது கிடைத்தது. பழைய ரசிகர்கள் பலருக்கோ கோபம். பெண்ணுரிமைப் பிரசாரத்தைப் பழைய கதைக்குள் திணித்துவிட்டார் என்றார்கள். ஆனால் ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை என்பது முதல் பாகத்திலேயே இருக்கிறது. அங்கே அதை யாரும் கேள்வி கேட்கவில்லை, அவ்வளவுதான். அதுவரை ஆண்களின் கண் வழியாகவே அந்த உலகத்தைப் பார்த்து எழுதியதை, 1992-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் லெ க்வினே அலசியிருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. வில்லனாக வரும் ஆஸ்பென் வெறும் அட்டைப் பொம்மை. நிதானமாகப் போகும் கதை, கடைசிப் பக்கங்களில் திடீரென்று ஓட்டமெடுக்கிறது.

அப்படியானால் படிக்கலாமா? மந்திரச் சண்டைக்காகத் தேடுபவர்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 12 வயதுப் பிள்ளை கேட்டால், அம்மாவோ அப்பாவோ முதலில் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். அந்தச் சிறுமிக்கு நடந்தது லேசான விஷயமில்லை. மற்றவர்கள் இரண்டாம் பாகத்தை இன்னொரு முறை புரட்டிப் பார்க்கலாம். சுரங்கத்திலிருந்து தப்பிய டெனார் அப்புறம் எப்படி வாழ்ந்தாள் என்று மனசு கேட்டால், நான்காம் பாகம் உங்களுக்குத்தான்.

இன்னொன்று. 'எர்த்ஸீயின் கடைசிப் புத்தகம்' என்று துணைத்தலைப்பு போட்டு வந்தது 'டெஹானு'. அதை நம்ப வேண்டாம். 2001-ல் ஒரு சிறுகதைத் தொகுப்பும் 'தி அதர் விண்ட்' நாவலும் வந்தன. மூன்றாம் பாகத்தில் பார்த்த அந்த இறந்தவர்களின் நாடு நாவலில் மறுபடி வருகிறது. ஆனால் நான்கைத் தாண்டிவிட்டு நேராக அதற்குப் போக முடியாது. அதில் முக்கியமான இடத்தில் நிற்கும் இளம்பெண் யார் என்றே புரியாது.