மாரி முடிந்ததும் ரியூனரைக் கூப்பிடுங்கோ!

மேல் மூடியைத் தூக்கினார். உள்ளே இருந்த இரண்டு கொளுக்கிகளைத் திருப்பினார். முன்பலகையை அப்படியே கழற்றிச் சுவரோடு சாய்த்துவிட்டார், பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்த ரியூனர். யாழ்ப்பாணத்து வீடொன்றின் ஹோலில் இத்தனை காலமும் குடும்பப் படங்களைச் சுமந்துகொண்டு நின்ற அந்தக் கறுப்புத் தளபாடம் ஒரு நிமிடத்தில் வேறொன்றாகிவிட்டது. பொன்னிறம் பூசிய இரும்புச் சட்டம்! அதன் குறுக்கே சாய்ந்து ஓடும் செப்புக் கம்பி சுற்றிய தடித்த தந்திகள்! வெள்ளைக் கம்பளித் தலையோடு வரிசையாக நிற்கும் 88 சுத்தியல்கள்!

"உள்ளுக்க இவ்வளவு கிடக்கே!" என்று வீட்டுக்கார அம்மா கன்னத்தில் கை வைத்தார். நானும் அப்படித்தான் நின்றேன். கட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு பென்சிலும் பழைய சதக் குற்றிகளும் வெளியே வந்தன. ரியூனர் டோர்ச் அடித்து முதலில் தேடியது அபசுரத்தை அல்ல. கறையானையும் எலியையும் அந்துப்பூச்சியையும். கம்பளி என்றால் அந்துப்பூச்சிக்கு விருந்து. இந்தப் பியானோ தப்பியிருந்தது.

"எத்தினை மாசத்துக்கு ஒருக்கா ரியூன் பண்ணோணும் தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"உங்கட பக்கம் மழை எப்ப விடும் எண்டு முதல்ல சொல்லுங்கோ அம்மா."

அந்தப் பதிலில்தான் முழு ரகசியமும் இருக்கிறது! பியானோவுக்குள் ஏறத்தாழ 230 தந்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 70, 80 கிலோ பாரத்தை இழுக்கும் அளவுக்கு முறுக்கேறி நிற்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 16 முதல் 20 தொன் வரை வரும். வாசிக்காத நாளிலும், வீடு பூட்டியிருக்கும் நாளிலும் அந்த இழுவை ஓயாது. அதைத் தாங்கத்தான் அந்த இரும்புச் சட்டம். ஆனால் பியானோவின் குரல் இரும்பிலிருந்து வருவதில்லை. தந்திகளுக்குப் பின்னால் ஸ்புரூஸ் மரத்தில் செய்த மெல்லிய பலகை ஒன்று இருக்கிறது, ஒரு சென்ரிமீற்றர் கனம்கூட இருக்காது. தந்தியின் அதிர்வை வாங்கி ஹோல் நிறைய ஒலிக்க வைப்பது அதுதான்.

அந்தப் பலகை ஈரத்தைக் குடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை பிடித்தால் பலகை ஊதி முன்னே வளையும், தந்திகளைத் தள்ளும், முறுக்கு ஏறும், சுருதி கூடும். சோளகம் வீசி வளவெல்லாம் புழுதி பறக்கும் மாதங்களில் பலகை காய்ந்து பின்வாங்கும், சுருதி இறங்கும். மிருதங்கக்காரருக்கு இது தலைகீழாகப் படும். மழை ஈரத்தில் தோல் தளர்ந்து அவருடைய சுருதி இறங்குகிற அதே நாளில் பக்கத்து வீட்டுப் பியானோ ஏறி நிற்கிறது! எல்லாத் தந்திகளும் ஒரே அளவில் ஏறினாலாவது பொறுத்துக்கொள்ளலாம். நடுப்பகுதி ஒரு மாதிரி, அடிப்பகுதி வேறு மாதிரி நகரும். காதில் புளிப்பாக விழுவது அதனால்தான்.

ஆகவே எண்ணிக்கை இதுதான்: வருடத்துக்கு இரண்டு தடவை. மழை விட்டுப் பலகை கொஞ்சம் ஆறியபின் மாசியில் ஒன்று. சோளகத்தில் நன்றாகக் காய்ந்தபின், நல்லூர்க் கோவில் திருவிழாவுக்குக் கொடியேறும் காலத்தை ஒட்டி இன்னொன்று. ஒரு தடவைதான் முடியும் என்றால் மாசியை வைத்துக்கொள்ளுங்கள். அடைமழைக்கு நடுவில் ரியூன் பண்ணினால் தை வெயிலில் காசு கரைந்துவிடும். புதுப் பியானோ என்றால் கணக்கு வேறு. புதுக் கம்பி இன்னும் நீண்டுகொண்டே இருக்கும். முதல் வருடத்தில் நான்கு தடவை வரைகூடப் பார்க்க வேண்டிவரும்.

சரி, இப்போது அந்த வேலையைப் பாருங்கள்! ரியூனர் ஃபானை நிற்பாட்டச் சொன்னார். அடுக்களையில் தண்ணீர்ப் பம்பும் நின்றது. நீளமான கம்பளிப் பட்டி ஒன்றை எடுத்துத் தந்திகளின் இடையே வளைத்து வளைத்துச் செருகினார். பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று மூன்று தந்திகள் உண்டு. பட்டி வெளித் தந்திகள் இரண்டின் வாயையும் மூட, நடுத் தந்தி மட்டும் தனியே பேசும். சுருதிக்கவையைத் தட்டினார். 440 ஹேர்ட்ஸ். நம் பாடகர்கள் 6 கட்டை என்பார்களே, அதே இடம்.

அங்கிருந்து எல்லாம் காதுதான். இரண்டு தந்திகள் 440, 441 என்று நின்றால் செக்கனுக்கு ஒரு தடவை ஒலி பெருத்துச் சிறுக்கும். "வா... வா... வா..." என்று. தந்தி சுற்றிய ஆணியில் மாட்டிய சாவியை மயிரிழை திருப்ப, அந்த அலை மெதுவாகி, நீண்டு, சட்டென்று நின்றது. மூன்று தந்திகள் ஒன்றாகிவிட்டன! எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஆணியைத் திருப்புவதோடு வேலை முடியவில்லை. கட்டையைப் பலமாக அடித்து அடித்துத் தந்தியின் முறுக்கை முழு நீளத்துக்கும் பரப்பி, ஆணி இனி அசையாது என்று கை உணரும்வரை அவர் விடவில்லை.

அதைவிடப் பெரிய ரகசியம் ஒன்று உண்டு. சரியாக ரியூன் பண்ணிய பியானோ வேண்டுமென்றே கொஞ்சம் பிசகி நிற்கிறது! தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டி உற்றுக் கேட்டால் அந்தர காந்தாரம் தானாக ஒலிக்குமே, அந்தத் தூய காந்தாரம் பியானோவில் இல்லை. பன்னிரண்டு சுரத்தானங்களையும் சம இடைவெளியில் வைத்தால்தான் எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டும் வாசிக்கலாம். அதற்காகக் காந்தாரம் சற்று மேலே ஏற்றப்படுகிறது. அந்த ஏற்றத்தையும் ரியூனர் அலைகளை எண்ணியே வைக்கிறார்: நடுவிலுள்ள ஓர் எஃப், ஏ சோடிக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 7 அலைகள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு முதலில் இது உறுத்தும். ஆனால் எண்ணி எண்ணி வைக்கிற அந்தக் கையைப் பார்த்தபின் எனக்கு அந்த உறுத்தலே பிடித்துப்போயிற்று. வீணைக்கு மெழுகில் மேளம் கட்டுகிறவர்களின் பொறுமைக்கு இந்தப் பொறுமை எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

இந்த வாத்தியம் எங்களுக்கு நேற்று வந்ததுமல்ல. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ தொடக்கிய உடுவில் மகளிர் கல்லூரி, 1896இல் தொடங்கிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி போன்ற மிஷன் பள்ளிகளும் தேவாலயங்களும் மேல்நாட்டு இசையை இங்கே வேரூன்ற வைத்தன. காலனி நாடுகளின் காலநிலைக்கென்றே ஐரோப்பிய நிறுவனங்கள் தனிப் பியானோக்கள் செய்தன. பசை ஈரத்தில் விட்டுவிடும் என்று மூட்டுகளைப் பித்தளைத் திருகாணிகளால் இறுக்கினார்கள். பழைய பியானோ வீட்டில் இருந்தால் ஒருமுறை உள்ளே பாருங்கள், அந்தத் திருகாணிகள் மின்னக்கூடும். சட்டத்தில் பொறித்த தொடரிலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக்கொண்டு பிறந்த வருடத்தையே கண்டுபிடிக்கலாம்!

ஈரத்துக்கு மருந்தாகப் பியானோவுக்குள் சின்ன மின்குமிழ் ஒன்றை எரிய விடும் வழக்கம் வெப்ப நாடுகளில் பலகாலம் இருந்தது. ஆனால் போர்க்காலத்தில், 1990இல், யாழ் குடாநாட்டுக்கு மின்சாரமே நின்றது. அதே வருடம் யாழ்தேவி ரயிலும் நின்றது. ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில். 2006இல் தெற்கிலிருந்து வரும் ஏ9 பாதையும் மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் ரியூனர் எப்படி வருவார்? பல வருடம் கைபடாத பியானோ அரைக் கட்டைகூட இறங்கிவிடும். உப்புக்காற்றில் துருவேறிய தந்தியை ஒரே மூச்சில் ஏற்றினால் அறுந்துபோகும். ஏற்ற ஏற்றக் கூடும் பாரம் பலகையை அழுத்த, முதலில் ஏற்றிய தந்திகள் திரும்பவும் தளரும். எனவே முதலில் ஒரு முரட்டுச் சுற்று, பிறகு நுணுக்கமான சுற்று, சில வாரம் கழித்து மறுபடியும் ஒன்று. "முடிஞ்சுது, இனி விறகு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆணிகள் மரத்தை இறுகப் பிடிக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்தால் அந்தப் பியானோ பாடும்.

யன்னல் வெயிலும் மழைச் சாரலும் படாத உட்சுவர் ஓரமாக அதை நகர்த்தி வையுங்கள். மேலே பூச்சாடி வேண்டவே வேண்டாம். ரியூனர் கொழும்பிலிருந்து வருகிறார் என்றால் அந்த ஒரு பயணத்துக்குள் அயலிலுள்ள பியானோக்களையும் தேவாலயத்துப் பியானோவையும் சேர்த்துவிடுங்கள். செலவு பங்காகும், மாசிக்கு அவரும் ஆசையோடு வருவார். பிள்ளைகளை அன்றைக்குப் பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். முன்பலகை கழன்றிருக்கும்போது ஒரு கட்டையை அழுத்தி, சுத்தியல் எம்பிப் பாய்வதை அவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கட்டும்!