மேலாற்றுக்காரன் மாண்டான், கீழாற்றுக்காரன் வாழ்ந்தான்!

கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்கியதும், தோழர் ஒருவர் நம் கையைப் பற்றித் தேநீர்க் கடைக்கு இழுத்துச் சென்றார். ஆலைத் தொழிலாளி. கண்ணாடித் தம்ளரிலிருந்த தண்ணீரை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "அண்ணே! ஆற்றுக்கு மேலே இருக்கிற ஊர்க்காரன் கொடுத்து வைத்தவன். நல்ல தண்ணீர் அவனுக்கு. அவன் கழித்ததெல்லாம் கீழே இருக்கிறவனுக்கு. அப்படித்தானே?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டத்தான் தோன்றும். ஆனால், கீழாற்று நீரைக் குடித்தவன் வாழ, மேலாற்று நீரைக் குடித்தவன் மடிந்த ஊர்க்கதை ஒன்றுண்டு. அவரிடம் அன்றிரவு சொன்னதை உங்களிடமும் சொல்கிறோம், தோழர்களே! கற்பனையல்ல, சாவுக் கணக்கோடு ஏட்டிலே ஏறிய வரலாறு.

ஜெர்மனியிலே எல்பே என்றோர் ஆறு. அதன் கரையிலே ஹாம்பர்க். கப்பல் குவியும் துறைமுகம், காசு குவியும் கடைவீதி, கனவான்கள் குவியும் நகரமன்றம்! ஒட்டினாற்போல, ஆற்றின் போக்கிலே கீழே, அல்டோனா. இன்று அது ஹாம்பர்க்கின் ஒரு பகுதி. அன்று தனி ஊர், பிரஷ்ய ஆட்சியிலிருந்த ஊர். இடையே மலையுமில்லை, மதிலுமில்லை. ஒரே தெருவிலே இந்தப் பக்கம் ஹாம்பர்க், அந்தப் பக்கம் அல்டோனா.

ஹாம்பர்க் தன் குடிநீரை நகருக்கு மேலே, ஆறு ஊருக்குள் நுழையுமுன் எடுத்தது. அல்டோனாவோ, இரண்டு ஊரின் சாக்கடையும் கலந்தபின், இன்னும் கீழே எடுத்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹாம்பர்க் மக்கள் கழித்ததெல்லாம் கரைந்த நீர் அது!

1892 ஆகஸ்டில் காலரா வந்தது. சில வாரங்களிலே ஹாம்பர்க்கில் மாண்டோர் ஏறத்தாழ 8,600 பேர். ஆயிரம் பேருக்கு 13 பிணம். அல்டோனாவில் ஆயிரத்துக்கு 2. அந்த இரண்டிலும் பலர், ஹாம்பர்க்கிலே வேலை பார்த்து நோயை வாங்கி வந்தவர்கள் என்றார் ஆராய வந்த அறிஞர் ராபர்ட் காக். எல்லைத் தெருவிலே ஒரு வரிசை வீட்டிலே ஒப்பாரி, எதிர்வரிசையிலே அமைதி! ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே இருந்த ஒரு தொழிலாளர் குடியிருப்புக்கு ஏதோ வசதி கருதி அல்டோனாக் குழாயை இழுத்து விட்டிருந்தார்கள். அந்த வளவை நோய் தொடவில்லை. மண் ஒன்று, காற்று ஒன்று, ஏழ்மை ஒன்று; குழாய் மட்டும் வேறு!

என்ன இருந்தது அந்தக் குழாயின் மறுமுனையிலே? மந்திரமா, மருந்தா? மணல், தோழர்களே, வெறும் மணல்!

அல்டோனா தன் ஆற்று நீரை 1859 முதல் மணலிலே வடிகட்டிக் குடித்தது. ஹாம்பர்க் தொட்டியிலே சற்றுத் தேக்கி, அப்படியே குழாயில் விட்டது. குழாயிலே விலாங்கும் புழுவும் வந்ததை ஊரே அறியும். கடல் ஏறும்போது ஆறும் எதிர்த்து ஏறும். அந்த ஏற்றத்திலே துறைமுகக் கழிவு மேலேறி, நகரம் நீரெடுக்கும் வாயையே தொட்டது. "மேலாற்று நீர்" என்ற பெருமை அவ்வளவுதான்!

மணல் என்ன செய்யும்? சல்லடைபோலச் சலிக்கும் என்று நினைக்கிறோம். காலராக் கிருமியோ மணலுக்கு மணல் உள்ள இடைவெளியில் ஊர்வலம் போகலாம், அவ்வளவு சிறியது! வேலை நடப்பது வேறு இடத்திலே. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர மணற்படுகையின்மேல் நீரை நிறுத்தி மெல்ல இறங்கவிட்டால், சில நாட்களில் மேற்பரப்பிலே வழுவழுப்பான படலமொன்று படியும். பார்த்தால் அருவருப்பு. பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்த உயிருள்ள படலம் அது. வரும் கிருமி அதிலே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை அங்கே குடியிருக்கும் சிற்றுயிர்கள் தின்னும். அதற்குக் கீழே இறங்கும் நீர்தான் குடிநீர். ஆகவே புதிதாகக் கழுவிப் போட்ட மணல் கண்ணுக்கு அழகு, காவலுக்கு உதவாது. படலம் படியும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாக நீரை விட்டாலும் படலம் கிழியும், கிருமி நழுவும். மணிக்கு 100 மில்லிமீட்டருக்கு மேல் நீர் இறங்கக் கூடாது. வடிந்த நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கிருமிக்கு மேல் இருக்கக் கூடாது. ஒவ்வொரு படுகையின் நீரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்றார் காக்.

ஏன் தனித்தனியே? அல்டோனாவும் ஒருமுறை அடிபட்டது. 1893 தொடக்கத்திலே கொடும் பனி. சுரண்டித் துப்புரவு செய்த படுகையிலே மணல் உறைந்துபோனது. உறைந்ததறியாமல் நீரை விட்டனர். காத்த மணலே கைவிட்டது, அல்டோனாவிலும் காலரா! பல படுகைகளிலே ஒன்று பழுதானால் போதும், எல்லாம் ஒரே குழாயிலே கலக்குமல்லவா? காவலாளி பத்துப் பேரிலே ஒருவன் தூங்கினாலும் திருடனுக்கு வாசல் திறந்ததுதான்.

புரியாத புதுமையோ இந்த மணல் வித்தை? லண்டனிலே ஜேம்ஸ் சிம்ப்சன் 1829லேயே கட்டிக் காட்டியது! பணமில்லாத ஊரோ ஹாம்பர்க்? பணத்திலே புரண்ட ஊர்! பின் ஏன் கட்டவில்லை? "செலவு!" என்றனர். "யார் கொடுப்பது?" என்றனர். வீட்டுச் சொந்தக்காரர்கள் மிகுந்த மன்றம். வரி ஏறும், வாடகை லாபம் குறையும் என்ற கவலை. 1870களிலே தொடங்கிய பேச்சு, 1890லேதான் தீர்மானமாயிற்று. வேலை முடியுமுன் காலரா முந்திக்கொண்டது. காலரா வந்த செய்தியை உரக்கச் சொல்லவும் தயங்கினர். கப்பல் வாணிபம் கெடுமே! மாண்டதிலே மிகுதி யார்? வருமானம் குறைந்தவர்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். 1890ல் ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலிலே ஹாம்பர்க்கின் 3 இடங்களையும் வென்றது சமூக ஜனநாயகக் கட்சி, தொழிலாளர் கட்சி. நாடாளுமன்றத்துக்கு ஆண்கள் அனைவருக்கும் வாக்கு. நகரமன்றத்துக்கோ காசுள்ளவனுக்கே வலிமை. பெர்லினுக்கு ஆளனுப்ப முடிந்த தொழிலாளியால், தன் தெருக் குழாயைப் பற்றிப் பேசும் மன்றத்துக்கு ஒருவரை அனுப்ப முடியவில்லை. அக்கட்சியின் முதல் உறுப்பினர் அங்கே நுழைந்தது 1901ல்! ஆனால் காலரா வந்ததும், 'நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்ற துண்டறிக்கையைக் குடியிருப்புகளுக்குக் கொண்டு சேர்க்க ஆள் வேண்டியிருந்தது. யாரை நாடினர் ஆட்சியாளர்? அந்தத் தோழர்களைத்தான்! மாடி மாடியாக ஏறிக் கொடுத்தனர் அவர்கள்.

பேட்டன்கோஃபர் என்ற பெரும் பேராசிரியர், 73 வயதினர், "காலராவுக்கு நீர் மட்டும் காரணமல்ல, மண்ணின் கோளாறும் வேண்டும்" என்று வாதாடினார். அதை மெய்ப்பிக்க அவ்வாண்டு அக்டோபரில் காலராக் கிருமியைக் குடித்தே காட்டினார்! இலேசாக வயிறு கெட்டதோடு பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்தார், அவர் கொள்கை பிழைக்கவில்லை. 1893 மே மாதம் ஹாம்பர்க் தன் மணற்படுகைகளைத் திறந்தது.

நம் சென்னை மட்டும் முந்திக்கொண்டதோ? செங்குன்றம் ஏரி நீர் 1872ல் நகருக்கு வந்தது. கீழ்ப்பாக்கத்திலே மணல் வடிகட்டி வந்தது 1914ல். இடையே 42 ஆண்டு, ஏரி எப்படியோ குழாய் அப்படி!

இன்று பெருநகர்களுக்கு அந்த மெல்லிய மணல் மட்டும் போதாது. இடம் ஏது, நேரம் ஏது? ஆகவே முதலில் படிகாரம். நம் பாட்டி கலங்கல் நீர்க் குடத்தின் உட்புறத்திலே தேத்தாங்கொட்டையைத் தேய்த்தாளே, அதே வேலைதான். சேற்றுத் துகள் ஒவ்வொன்றிலும் ஒரே வகை மின்னேற்றம்; ஒன்றையொன்று தள்ளும், அதனால் அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். படிகாரம் அந்தப் பகையைத் தணிக்கும். மெல்லக் கிளறினால் துகளோடு துகள் சேர்ந்து பஞ்சுபோலத் திரளும். கிருமியில் பெரும்பகுதியையும் அணைத்துக்கொண்டு தொட்டியின் அடியில் இறங்கும். தெளிந்ததை விரைவு மணல் வடிகட்டியில் விடுவார்கள். இது மணிக்கு 5 மீட்டர் அளவுக்கு ஓடும். அடைத்துக்கொண்டால் கீழிருந்து மேலே நீரைப் பாய்ச்சிக் கழுவுவார்கள்.

கடைசியிலே குளோரின். 1908ல் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்துக்குச் செல்லும் நீரிலே ஜான் லீல் என்ற மருத்துவர் இதைக் கலந்தார், நீதிமன்ற வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே! "குடிநீரில் நஞ்சா?" என்று கொதித்தனர், நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம், அரைமணி நேரம் கலந்து நிற்க வேண்டும். நீர் கலங்கலாக இருந்தால், கிருமி சேற்றுக்குள் ஒளிந்து தப்பும். அதனால்தான் படிகாரமும் மணலும் முன்னே, குளோரின் பின்னே. முன்வேலையைச் செய்யாமல் மேல்நிலைத் தொட்டியிலே பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டிவிட்டு, "சுத்திகரித்துவிட்டோம்" என்று கையைத் துடைத்துக்கொள்வோரும் உண்டு. வாசனை வரும்; காவல் வராது.

நிலையத்திலே எவ்வளவு செய்தாலும், நீர் இன்னும் மைல் கணக்கில் குழாயிலே போக வேண்டும். விரிசல் விட்ட குழாய், பக்கத்திலே சாக்கடை, நீர் நின்ற நேரத்திலே குழாய் வெறுமையாகி வெளிநீரை உறிஞ்சும். அதற்காகத்தான் குளோரினில் சிறிது செலவாகாமல் மிஞ்சி, கூடவே வர வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குழாயிலே இருக்க வேண்டும் என்பது இந்திய அளவு. எந்தக் குழாயிலே? தொட்டியடியில் இருக்கும் முதல் வீட்டுக் குழாயிலே பார்த்தால் எப்போதும் இருக்கும். வழியெல்லாம் தேய்ந்து தேய்ந்து, கடைசித் தெருவின் கடைசிக் குழாயை அடையும்போதுதான் அது இல்லாமல் போகும். கடைசித் தெருவிலே யார் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சோதனை பெரிய வித்தையல்ல. சிறு கண்ணாடிக் குழலிலே நீரைப் பிடித்து, மருந்து இரண்டொரு சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒரு நிமிட வேலை. ஊழியர் வருவார். முதல் குழாயிலே பார்த்து ஏட்டிலே எழுதிக்கொண்டு திரும்புவார். நம் தோழரிடம் அன்றிரவு நாம் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்தமுறை அவர் வந்தால், மரியாதையாக அழைத்துச் சென்று உங்கள் தெருக் குழாயைக் காட்டுங்கள், இங்கே பிடித்துப் பாருங்கள் ஐயா என்று சொல்லுங்கள்."

சென்ற வாரம் கடிதம் எழுதியிருந்தார். அழைத்துப் போனாராம். நிறம் மாறவில்லையாம். நகராட்சிக்கு மனு எழுதித் தெருவார் 60 பேர் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.