தேவாலாப் பிரதேசத்தில் எல். இ. டி. விளக்குகளின் உபயோகம்

நீலகிரி ஜில்லாவின் மேற்குப் பாகத்திலுள்ள தேவாலா, தென்மேற்குப் பருவ மழை மிகுதியாகப் பெய்யும் ஊர்களில் ஒன்றாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் மழையும் மூடுபனியும் சூழ்வதால், வீட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் பகலிலேயே விளக்குப் போட நேரிடுகிறது. தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய பாதைகளில் இருட்டிய பின் யானைகள் நடமாடுகின்றன. ஆகவே இங்கே வெளிச்சம் சௌகரியத்திற்கு மாத்திரமன்றி, உயிர்ப் பாதுகாப்புக்கும் வேண்டியதாயிருக்கிறது.

விளக்கின் தன்மை.— பழைய குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்து ஒளி தருகிறது. அதற்குச் செல்லும் சக்தியில் பெரும்பாகம் உஷ்ணமாக விரயமாகிறது. எல். இ. டி. விளக்கிலோ, குறைகடத்தியாலான சிறு சில்லின் வழியே மின்சாரம் பாயும்போது நேராகவே நீல ஒளி உண்டாகிறது. மேற்பூச்சு அதில் ஒரு பாகத்தை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகத் தோன்றுகிறது. நீல ஒளிச் சில்லைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவருக்கு 2014-ஆம் வருஷத்தில் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது.

செலவுக் கணக்கு.— 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல். இ. டி. விளக்கு தரும். ஒரு வீட்டில் நான்கு குண்டு பல்புகள் தினம் 5 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதங்களில் 72 யூனிட் செலவாகும். எல். இ. டி. விளக்குகளுக்கு 11 யூனிட் போதும். மிச்சம் 61 யூனிட். விலையும் முன்போல் தடையாக இல்லை. மத்திய அரசாங்கத்தின் உஜாலா திட்டத்திற்காக மொத்தமாகக் கொள்முதல் செய்யப்பட்ட பல்பின் விலை, 2014-இல் 310 ரூபாயாக இருந்து, 2016-இல் 38 ரூபாயாகக் குறைந்தது.

கவனிக்க வேண்டியவை.— குண்டு பல்பு சுமார் 1,000 மணி நேரம் எரியும், நல்ல எல். இ. டி. விளக்கு 25,000 மணி நேரம் வரை உழைக்கும். ஆனால் ஈரமும், மின்னழுத்த ஏற்றத்தாழ்வும், இடியும் அதன் ஆயுளைக் குறைத்துவிடும். பெரும்பாலும் சில்லுக்கு முன்பாக, அதற்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் உட்கருவியே கெடுகிறது. ஆகையால் இந்தியத் தர நிர்ணயக் குறியும் உத்தரவாதமும் உள்ளதையே வாங்க வேண்டும். கொட்டகைக்கும் வெளிப்புறத்துக்கும் நீர் புகாதபடி அடைக்கப்பட்ட, ஐ. பி. 65 என்று குறித்த விளக்கே ஏற்றது. அவ்வாறு செய்யப்படாத சாதாரண பல்பைக் காற்றுப் புகாத கூண்டில் அடைத்தால் சூடேறிச் சீக்கிரம் கெடும்.

பாதை விளக்கு.— 20 வாட் எல். இ. டி. விளக்கு தினம் 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதங்களில் 14.4 யூனிட் ஆகும். மேற்சொன்ன ஒரு வீட்டின் மிச்சத்தைக் கொண்டே நான்கு பாதை விளக்குகளை இரவு முழுவதும் எரிக்கலாம். விளக்கு யானையைத் துரத்திவிடும் என்று நம்பலாகாது. எதிரே நிற்கும் யானையைத் தூரத்திலேயே கண்டு விலக அது உதவுகிறது. ஒளி கண்ணைக் கூசச் செய்யாமலும் காட்டுக்குள் பரவாமலும் தரைநோக்கி விழும்படி மூடி அமைத்தல் அவசியம்.

மின்கம்பி செல்லாத இடங்களுக்குச் சூரிய சக்தி விளக்கு உதவும். எனினும் மழைமாதங்களில் வெயில் குறைவாதலால் மின்கலம் நிரம்புவதில்லை. வெயில் மிகுந்த சமவெளிக்குரிய அளவை இங்கே பின்பற்றாமல், பெரிய பலகையும் மின்கலமும் அமைக்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் மே மாதத்திற்குள் பாதையின் இருண்ட திருப்பங்களையும் பழுதான விளக்குகளையும் குறித்துச் செப்பனிடச் செய்வது நலம். மின்சாரம் தடைப்படும் இரவுகளில் பாதை விளக்கும் அணைந்துவிடும். ஆதலால் இருட்டில் வெளியே செல்வோர் கைவிளக்கு ஒன்றை எப்போதும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.