சுண்டெலியின் மூக்கிலிருந்து மூளைக்கு

சுண்டெலியின் நாசியறைக்குள் படர்ந்துள்ள மெல்லிய மோப்பப் படலத்தில் இலட்சக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. மணமூலக்கூறுகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் எனும் புரதங்களுக்கென ஏறத்தாழ ஆயிரம் மரபணுக்கள் இருந்தும், ஒவ்வொரு நரம்பணுவும் அவற்றுள் ஒன்றை மட்டுமே இயக்குகிறது. இம்மரபணுக் குடும்பத்தை 1991இல் எலிகளில் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் ஆகியோர் 2004ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

ஒரே ஏற்பியை உடைய நரம்பணுக்கள் படலத்தில் ஓரிடத்தில் கூடியிராமல் சிதறிக் கிடக்கின்றன. ஆயினும், செய்தியை ஏந்திச் செல்லும் அவற்றின் நீண்ட இழைகளான ஆக்சான்கள், சல்லடை போன்ற எலும்பின் துளைகள் வழியாக மூளையின் முன்முனையிலுள்ள மோப்பக் குமிழுக்குள் நுழைந்ததும் ஏற்பிவாரியாகப் பிரிந்து, குளோமெருலஸ் எனப்படும் உருண்டை முடிச்சுகளில் குவிகின்றன. ஒரு குமிழில் ஓர் ஏற்பிக்கு வழக்கமாக இரண்டே முடிச்சுகள். 1996இல் பீட்டர் மோம்பார்ட்ஸும் அவருடன் பணியாற்றியோரும் ஒரே ஓர் ஏற்பிக்குரிய இழைகள் மட்டும் நீலநிறம் ஏற்கும்படி சுண்டெலியின் மரபணுவை மாற்றி, இக்குவிதலைக் கண்ணால் காணச் செய்தனர்.

இதனினும் வியப்பானது, இந்த இணைப்பு ஓயாமல் புதுப்பிக்கப்படுவதே. மோப்ப நரம்பணுக்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ மடிய, அடியிலுள்ள குருத்தணுக்களிலிருந்து பிறக்கும் புதியவை தத்தம் முடிச்சுக்கே இழையை அனுப்புகின்றன. கைத்தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு பிணைத்துவிட்டால், பாவிழைகள் நுழையும் கண்ணிகளான விழுதுகளில் மீண்டும் முதலிலிருந்து கோக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய அவ்வாறே, பிறப்பையொட்டிய குறுகிய காலத்தில் தாமாகவே வழி காணும் இழைகள் பின்னர் முன்சென்றவற்றின் தடத்தைப் பின்பற்றுகின்றன என்பதை 2014இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. ஆகவேதான், நரம்பு முழுவதும் அறுபட்டால் மீண்டும் வளரும் இழைகளில் பல தவறான முடிச்சுகளை அடைகின்றன.

தலையில் பலத்த அடிபட்ட மனிதர் சிலர் மோப்பத்தை இழப்பதற்கும் அந்தச் சல்லடை எலும்பருகே இழைகள் அறுபடுவது ஒரு காரணமாகும். மோப்பம் மீண்டாலும் பழகிய மணங்கள் திரிந்து தோன்றுவதுண்டு. பார்வை மங்கினால் பதறும் குடும்பம், எரிவாயுக் கசிவையும் ஊசிப்போன சோற்றையும் உணர முடியாத நிலையைச் சிறு குறையாக ஒதுக்கிவிடுவதும், மருத்துவமனைகளில் கூட மோப்பம் அரிதாகவே சோதிக்கப்படுவதும் வருந்தத்தக்கவை.

குமிழில் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் செய்தியைப் பெறும் மைட்ரல் செல்கள், பிற புலன்களின் செய்திகள் கடந்து செல்லும் தலாமஸ் எனும் இடைநிலையத்தைத் தவிர்த்து, நேராக மூளைப்புறணிக்கு அதனை அனுப்புகின்றன. மூக்கில் சிதறிக் கிடந்து குமிழில் அரும்பாடுபட்டு ஒழுங்குபெற்ற செய்தி, பிரிஃபார்ம் புறணி எனும் மோப்பப் பகுதியில் மீண்டும் எங்கும் சிதறிவிடுவதையும், அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவின் ஒரு பகுதியிலோ ஓரளவு ஒழுங்கு நிலைத்திருப்பதையும் 2011இன் ஆய்வுகள் வெளிப்படுத்தின. இத்தகைய பாதைகளின் தனித்தன்மைக்கு 2007இல் ஜப்பானில் நடந்த ஆய்வொன்று சான்றாகிறது: குமிழின் மேற்பகுதிக்குரிய நரம்பணுக்கள் நீக்கப்பட்ட சுண்டெலிகள் நரியின் கழிவிலுள்ள மணப்பொருளுக்கு இயல்பாக அஞ்சவில்லை, ஆயினும் அம்மணத்தை அவை உணர்ந்தன, துன்பத்தோடு இணைத்துப் பழக்கியபோது அதனை வெறுத்து விலகவும் கற்றுக்கொண்டன.