எவரெஸ்ட்டுக்கு வழி... பரங்கிமலை ஸ்டேஷன்!

தாம்பரத்திலிருந்து பீச் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினில் என்னைப்போல் தினம் தொங்குகிறவர்களுக்கு ஒரு சேதி. நடுவில் பரங்கிமலை ஸ்டேஷன் வருகிறதே... எவரெஸ்ட்டை அளக்கிற வேலை அங்கேதான் ஆரம்பித்தது. சிரிக்காதீர்கள், ரிக்கார்டு இருக்கிறது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்கிற ராணுவ அதிகாரி, நூறடிச் சங்கிலி ஒன்றை வைத்துக்கொண்டு பரங்கிமலைப் பக்கமிருந்து பெரும்பாக்கம் வரை தரையை அளந்தார். ஏழரை மைல். சங்கிலியை நானூறு தடவை தூக்கித் தூக்கி வைத்து, 57 நாள்! (வேளச்சேரி ட்ராஃபிக்கில் மாட்டினால் இன்றைக்கும் அப்படித்தான் தோன்றும்.)

ஒரு கோடு கரெக்டாகத் தெரிந்தால் போதும். அதன் இரண்டு முனையிலிருந்தும் கோணம் பார்த்தால் மூன்றாவது புள்ளி சிக்கிவிடும். இப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இமயம் வரை போய்விட்டார்கள். வழியில் காட்டுக் காய்ச்சலில் செத்துப்போன கூலிக்காரர்கள் எத்தனையோ பேர்.

சிகரம் உலகிலேயே உயரமானது என்று கண்டுபிடித்தவர் மலை ஏறவில்லை சார், ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்! ராதாநாத் சிக்தார் என்கிற வங்காளி. அவர் உத்தியோகத்தின் பெயரே 'தலைமைக் கம்ப்யூட்டர்'தான். நூறு மைலுக்கு அப்பாலிருந்து எடுத்த அளவுகளை வைத்து 1852-ல் கணக்கை முடித்தார். 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. சராசரி சரியாக 29,000 வந்ததாகவும், ரவுண்டாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்று இரண்டடி சேர்த்ததாகவும் ஒரு கதை உண்டு. பி.காம். படித்த எனக்கு அந்தப் பயம் நன்றாகவே புரிகிறது. 2020-ல் நேபாளமும் சீனாவும் அறிவித்தது 8,848.86 மீட்டர். வித்தியாசம் முப்பது அடிதான்!

1865-ல் பெயர் வைத்தார்கள். யார் பெயர்? எப்போதோ ரிடையராகிவிட்ட பெரிய ஆபீஸர் ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயர். கணக்குப் போட்டவருக்கு 2004-ல் ஒரு தபால்தலை. ஆபீஸில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

1933 ஏப்ரல் 3-ல், பீகாரின் பூர்ணியா பக்கத்திலிருந்து இரண்டு குட்டி விமானங்கள் கிளம்பி முதன்முதலாகச் சிகரத்துக்கு மேலே பறந்தன. ஒரு கேமராமேனின் ஆக்ஸிஜன் குழாய் உடைந்துவிட்டது. கர்சீப்பைச் சுற்றிப் பார்த்தார், மயங்கி விழுந்தார், நல்லவேளை பிழைத்தார். இப்போது காத்மாண்டுவிலிருந்து ஒரு மணி நேரம், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தபடியே தரிசனம்!

ஏறுவதுதான் கஷ்டம். உச்சியில் கிடைக்கிற ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கடற்கரையிலிருந்தே ஒருத்தர் போய் ஏறிவிட்டார். நம்ம கோவளத்தில் அலைச்சறுக்கு சொல்லித்தருகிற ராஜசேகர் பச்சை, 2023 மே 19-ல் உச்சியில் நின்றார். நாலே நாளில், மே 23-ல், விருதுநகர் மாவட்டத்துக்காரரான முத்தமிழ்ச்செல்வியும் ஏறினார். எவரெஸ்ட் தொட்ட முதல் தமிழ்நாட்டுப் பெண்.

நமக்கு லீவு கிடைக்காது, லோனும் கிடைக்காது. அதனால் என்ன? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரங்கிமலை ஏறுங்கள். சுமார் முன்னூறு அடிதான். மேலே லாம்ப்டனுக்கு ஒரு சிலை இருக்கிறது. மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்களையும் ஓசியில் பார்க்கலாம். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கினால் மட்டும், ஆக்ஸிஜனைக் குறை சொல்லாதீர்கள்... குனிந்து தொப்பையைப் பாருங்கள்!